என் பெயரில் போன விசாரிப்பு

பதில் வந்திருக்கிறது. காலையிலிருந்து நான் அனுப்பிய முப்பத்தேழு கடிதங்களுக்கு இதுதான் முதல் பதில், அதுவும் வேடசந்தூர் முத்துவேலப்பனிடமிருந்து. எழுதுகிற பழக்கமே இல்லாத மனிதர். மில்லில் கொள்முதல் அதிகாரி, இருபத்திரண்டு வருஷமாக அவரைத் தெரியும், எதுவானாலும் போன்தான், எடுத்ததும் "என்னய்யா லோகு, உயிரோட இருக்கியா" என்பார், நான் பதில் சொல்வதற்குள் விஷயத்துக்குப் போய்விடுவார். அவர் எழுதியிருக்கிறார், 'அன்புள்ள சிவா சார்' என்று ஆரம்பித்து. சிவா நான்தான். சிவலோகநாதன் என்ற பெயரை இந்த மென்பொருள் வெட்டிச் சிவா ஆக்கி ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் போடுகிறது, என் அப்பாகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, வேலப்பன் அதையும் மதித்து அப்படியே எழுதியிருக்கிறார். உங்கள் கடிதம் பார்த்தேன், பஞ்சு குடோனுக்குப் பின்னால் போய் நின்று இன்னொரு தடவை படித்தேன், என் மகள் இந்துமதியைப் பேர் சொல்லி விசாரித்தது நீங்கள் ஒருத்தர்தான், நாலு வருஷமாக யாரும் கேட்கவில்லை, சொந்தக்காரர்கள்கூடக் கேட்கவில்லை, மனசுக்கு ஆறுதலாக இருந்தது, நாலு கருவிக்கு விலை போட்டு அனுப்பவும். இவ்வளவுதான். இதைப் படிக்க எனக்கு எத்தனை நேரம் ஆனது என்று தெரியவில்லை, சுவரில் தொங்கும் மின்பலகைக்குத் தெரியும், அது எல்லாவற்றையும் எண்ணுகிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நான் விசாரிக்கவில்லை.

நான் விசாரிக்கவே இல்லை. அனுப்பியவற்றைத் திறந்து பார்க்கிறேன், ஒன்பது இருபத்துநாலுக்குப் போயிருக்கிறது, ஆங்கிலத்தில், என் பெயரில். இந்துமதி எப்படி இருக்கிறாள், புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு கொஞ்சம் தேறியிருப்பாள் என்று நம்புகிறேன், ஒரு பெண்ணைப் பெற்றவனாக அந்த வேதனை எனக்குப் புரியும். அடுத்த வரியிலேயே, வரும் கோடையில் உங்கள் மில்லில் காற்றின் ஈரப்பதம் குறைந்து நூல் அறுவது அதிகமாகலாம், எங்கள் புதிய ஈரமூட்டும் கருவி அதற்குத்தான். எனக்குப் பெண்ணே கிடையாது. ஒரே பையன், ஓசூரில் இருக்கிறான், மாதத்துக்கு இரண்டு தடவை பேசுவான், அவன் வேதனையே எனக்குப் புரிவதில்லை. இந்தக் கடிதம் என் கண்முன் வந்து நின்றிருக்கிறது, நான் என்டர் தட்டியிருக்கிறேன், அது போயிருக்கிறது. கடிதத்தை மென்பொருள் எழுதும், அனுப்புவதற்கு முன் மனுஷன் ஒருத்தன் பார்க்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி, அந்த மனுஷன் நான். பதினோரு பேர் பையைத் தூக்கிக்கொண்டு மில் மில்லாக அலைந்த இடத்தில் இப்போது நான் ஒருத்தன், மற்றப் பத்துப் பேர் போய்விட்டார்கள், நான் மட்டும் தங்கினேன், ஏன் தங்கினேன் என்றால் விசைகளைக் கற்றுக்கொண்டேன். இந்த இன்பாக்ஸ் அவ்வளவு வேகம். ஒரு விசை தட்டினால் கடிதம் திறக்கும், இன்னொன்றைத் தட்டினால் போகும், போவதற்கு முன்பே அடுத்தது கீழிருந்து ஏறி வந்து நிற்கும், மௌஸைத் தொடவே வேண்டாம். திங்கட்கிழமை கூட்டத்தில் எங்கள் டீம் லீடர் பிரணவ் என் பெயரைப் பலகையில் காட்டி, ஒரு கடிதத்துக்கு நாலு வினாடி, ஆபீஸிலேயே இவர்தான் ஃபாஸ்ட் என்றான், எல்லோரும் கைதட்டினார்கள், ஐம்பத்துநாலு வயதில் எனக்கு முகம் சிவந்தது, அன்று வீட்டுக்குப் போய் மனைவி மரகதத்திடம் சொன்னேன். நாலு வினாடி. வேலப்பனுக்கு நான் கொடுத்தது நாலு வினாடி. அந்த நாலு வினாடியில் எதை நினைத்துக்கொண்டிருந்தேன், முட்டி வலியையா, கேன்டீனில் இன்றைக்கும் ரவை உப்புமாவா என்றா, இந்துமதி என்ற பெயர் கண்ணில் பட்டதா இல்லையா. பட்டிருக்கும். பட்டும் தட்டியிருப்பேன் என்றால்? அந்த நினைப்புக்குள் போக வேண்டாம். போய்த்தான் ஆக வேண்டும்.

மழை பெய்துகொண்டிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம், கடைசி பஸ்ஸை விட்டுவிடுவேன் என்று வேலப்பனே தன் காரில் திண்டுக்கல் வரை கொண்டுவந்து விட்டார், கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் ஒன்று வேலை செய்யவில்லை, அவர் குனிந்து குனிந்து ரோட்டைப் பார்த்து ஓட்டினார், என்னைப் பார்க்காமல் பேசுவதற்கு அது வசதியாக இருந்திருக்கும். "பாப்பா வந்துருச்சுய்யா" என்றார். நல்லதுதானே, தீபாவளிக்கா என்றேன், மடையன். "திரும்பிப் போகாது. கைல ஆறு மாசக் குழந்தை. ஆபீஸ்ல கேட்டா உடம்பு சரியில்ல, ரெஸ்டுக்கு வந்திருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். நீ ஒண்ணும் சொல்லாத." பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, டைரியை எடுத்து அவர் பக்கத்தில் எழுதினேன்: இந்துமதி திரும்பி வந்துவிட்டாள், குழந்தையோடு, கேட்கக் கூடாது. கேட்கக் கூடாது என்பதன் கீழே கோடு போட்டேன். அது என் வழக்கம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் டைரியில் ஒரு பக்கம், மில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். எந்த மெஷின் எந்த வருஷம் போட்டது, யாருக்குச் சர்க்கரை, யார் மகன் எந்தக் காலேஜ், எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கவே கூடாது. பத்தொன்பது டைரி. போன ஆவணி மாதம் பிரணவ் வந்து, "சார், அது தங்கச் சுரங்கம் சார், எந்த மில்லுல எந்த மாடல் இருக்குன்னு உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு" என்றான். மாடல் நம்பருக்குத்தான் என்றான், நான் அதைத்தான் கேட்டேன், அதைத்தான் நம்பினேன். இல்லை, அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. எனக்குத் தெரியாதா அதில் என்ன இருக்கிறது என்று? தங்கச் சுரங்கம் என்ற வார்த்தை என் காதில் இனித்தது, பத்தொன்பதையும் துணிப்பையில் போட்டு நானே தூக்கிக்கொண்டு வந்து அவன் மேஜைமேல் வைத்தேன். யாரோ தட்டச்சுச் செய்தார்கள். கேட்கக் கூடாது என்பதையும் தட்டியிருப்பார்கள். மென்பொருள் அதையும் படித்திருக்கும். படித்துவிட்டுக் கேட்டிருக்கிறது.

கேட்டதும் அவர் பஞ்சு குடோனுக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறார். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இந்த நாலு வருஷத்தில் வேடசந்தூருக்கு ஒன்பது தடவை போயிருக்கிறேன், ஒன்பது தடவையும் டீக்கடையில் அந்தக் கோடு போட்ட வரியைப் படித்தேன், உள்ளே போய்க் கிரிக்கெட் பேசினேன், கரண்டு கட் பேசினேன், அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு குழந்தையின் படம் வந்தது, பிறகு அதே குழந்தை யூனிபார்ம் போட்ட படம் வந்தது, நான் பார்க்காத மாதிரி இருந்தேன், இங்கிதம் என்று நினைத்தேன். அவர் என்ன நினைத்திருப்பார்? இவனிடம் போய்ச் சொன்னோமே என்றா? நீ ஒண்ணும் சொல்லாத என்றது அந்த ராத்திரிக்கு மட்டுமா, நாலு வருஷத்துக்குமா? நான் கேட்க வேண்டியதை ஒரு மென்பொருள், யாருடைய வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடித்திராத ஒன்று, இரண்டு வரியில் கேட்டுவிட்டது. அப்படியானால் அது என்னைவிட நல்ல மனுஷனா? சிரிப்பு வருகிறது, வரட்டும். நான் மட்டும் என்ன, அன்புக்காகவா டைரி எழுதினேன்? வேலப்பன் சம்சாரத்துக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன், வராந்தாவில் இரண்டு மணி நேரம் அவரோடு உட்கார்ந்திருந்தேன், அடுத்த வாரம் பெரிய ஆர்டர் வந்தது. ஆரஞ்சு வாங்கும்போது ஆர்டர் ஞாபகம் இருந்ததா? இருந்தது. வராந்தாவில் அவர் அழுதபோது? அப்போது இல்லை, சத்தியமாக இல்லை. இரண்டும் நான்தான். வயிற்றுக்காகவும் போனேன், மனசோடும் போனேன், எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று எனக்கே தெரியாது, தெரியாததற்காக நான் வெட்கப்படப்போவதில்லை. ஆனால் நான் போனேன். பஸ் ஏறிப் போனேன். கேட்டால் அவர் முகம் என்ன ஆகிறது என்று பார்க்கிற தூரத்தில் நின்றுதான் எதையும் கேட்டேன், முகம் சுருங்கினால் நிறுத்தினேன். அதுவும் இதுவும் ஒன்றுதான் சார் என்று எவனாவது என்னிடம் சொல்லட்டும்.

"என்ன லோகு சார், சிஸ்டம் தூங்குதா நீங்க தூங்கறீங்களா?" எதிர் மேஜை செலின். பலகையைக் கண்ணால் காட்டுகிறாள், என் பெயர் மேலேயிருந்து வழுக்கி அவளுக்குக் கீழே வந்துவிட்டது. "எட்டு நிமிஷமா முப்பத்தெட்டுல நிக்கறீங்க. விடுங்க, ஒரு நாளாவது நான் ஃபர்ஸ்ட் வந்துக்கறேன்." சிரிக்கிறாள், நல்ல பெண், தலைவலி என்கிறேன். முப்பத்தெட்டு. ஆமாம், வேலப்பனின் பதில் வந்தபோது முப்பத்தெட்டாவது கடிதம் திறந்து நின்றது, என்டர் தட்டாமல் விட்டது. இப்போது படிக்கிறேன், வார்த்தை வார்த்தையாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி. உடுமலை மில், மேலாளர் கனகசபாபதி. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொண்டே இத்தனை பெரிய மில்லை நடத்தும் உங்கள் மனவலிமையை வியக்கிறேன். கனகசபாபதி இதை முதலாளியிடம் சொல்லவில்லை. செவ்வாயும் வெள்ளியும் பல்லடம் கிளைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார், தெரிந்தால் மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று என்னிடம் சொன்னார், கையைக் காட்டினார், ஊசி போட்டுப் போட்டுக் கயிறு மாதிரி தடித்திருந்த நரம்பு. முழுக்கைச் சட்டைதான் போடுவார். இந்தக் கடிதம் போகிற முகவரியைப் பார்க்கிறேன். அவருடையது இல்லை. மில்லின் பொது முகவரி, முதலாளியின் மகன் காலையில் காபியோடு திறந்து பார்க்கிற முகவரி. நாலு வினாடியில் தட்டியிருந்தால் இந்நேரம் போயிருக்கும். வேலப்பன் பதில் எழுதாமலிருந்தால் போயிருக்கும். முன்னால் போன முப்பத்தேழையும் திறக்கிறேன், ஒன்று, இரண்டு, கோயில் திருவிழா, மகன் இன்ஜினியரிங், புது கார், ஒருவருக்கு அவர் விட்டுவிட்ட சிகரெட்டைப் பற்றி, இருக்கட்டும், தாங்குவார், வேலப்பனைத் தவிர யார் வீட்டுக் கதவையும் உடைக்கவில்லை. வரிசையில் இன்னும் நூற்று மூன்று நிற்கின்றன. பத்தொன்பது டைரி. அதில் என்னென்ன இருக்கிறது என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

பிரணவ் வந்துவிட்டான். பலகையில் ஒரு பெயர் வழுக்கினால் அவன் போனில் ஏதோ அடிக்கும் போலிருக்கிறது. முப்பத்தொரு வயது, கெட்டவன் இல்லை, என் முட்டி வலிக்கு நாற்காலி மாற்றிக் கொடுத்தவன். "என்னாச்சுங் சார்?" என்று குனிந்தவன் கண்ணில் வேலப்பனின் பதில் பட்டுவிட்டது. "சார்! நாலு யூனிட்டா! கோல்டு சார் இது. பாத்தீங்களா, இதுதான் பர்சனல் டச்." தோளில் தட்டுகிறான். நான் சொல்கிறேன், இதை நான் எழுதவில்லை. "உங்க நோட்ஸ்தானுங்க சார்?" என் நோட்ஸில் கேட்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. "அது அதையெல்லாம் எடுத்துக்காதுங் சார். அதுக்குச் செய்யினு சொன்னாதான் புரியும், செய்யாதன்னா புரியாது. ஆனா பாருங்க, கேட்டதாலதானே ஆர்டர் வந்துச்சு? அவர் சந்தோஷமாதானே எழுதியிருக்கார்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையாகவே இல்லை. இத்தனை நேரமும் அந்தக் கேள்வியைத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன், இவன் ஒரு வாக்கியத்தில் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டான். பதில் இல்லையென்றால் என்ன, பதில் இல்லாதவன் எல்லாம் தலையாட்ட வேண்டுமா? முப்பத்தெட்டைக் காட்டுகிறேன். படி என்கிறேன். படிக்கிறான். இது முதலாளி வீட்டுக்குப் போகிறது, இந்த ஆள் வேலை போகும் என்கிறேன். "சரி சார், இது ஒண்ணை ஸ்கிப் பண்ணிடுங்க. மீதி அனுப்பிடலாம். மத்தியானத்துக்குள்ள முடிக்கணும், எம்.டி. பாக்கறார்." மீதியில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? "ஒவ்வொண்ணாப் படிச்சுட்டு இருந்தா எப்படிங் சார்? நாளைக்கு இருநூறு." எனக்குத் தெரியும் என்கிறேன், ஒவ்வொன்றும் தெரியும், வீட்டு விஷயத்தை எடுத்துவிட்டு மாடல் நம்பரை மட்டும் வைத்துத் தரச் சொல், நூறு என்ன, இருநூறும் அனுப்புகிறேன், நாலு வினாடியில் அனுப்புகிறேன். "அது கம்பெனி டேட்டா சார் இப்போ." மெதுவாகத்தான் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். கம்பெனி டேட்டா. கனகசபாபதியின் நரம்பு கம்பெனி டேட்டா.

என் விரல்களுக்குத் தெரிந்த வித்தை ஒன்று இருக்கிறது. இரண்டு விசையை ஒன்றாகப் பிடித்தால் வரிசை முழுக்க நீலமாகும், மூன்றாவதைத் தட்டினால் வரிசை இல்லை. தட்டிவிட்டேன். யோசித்தா செய்தேன்? என்னை இந்த வேகத்துக்குப் பழக்கியது அவர்கள்தான். திரை வெள்ளையாகிவிட்டது, கீழே ஓரத்தில் சின்னப் பட்டை, நூற்று நாலு கடிதங்கள் நீக்கப்பட்டன, பத்து வினாடிக்குள் மீட்கலாம், பட்டை வலமிருந்து இடமாகத் தேய்கிறது. "சார்!" பிரணவின் கை மௌஸுக்கு வருகிறது. அதற்கு முன் என் உள்ளங்கை அதன்மேல் போய் உட்கார்ந்துவிட்டது, நான் கையை வைக்கவில்லை, கை தானே போனது. ஒன்பது. அவன் விரல் என் மணிக்கட்டில் படுகிறது, இழுக்கவில்லை, பெரியவர் கையைப் பிடித்து இழுக்கும்படி வளர்ந்தவன் இல்லை அவன், அந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் இந்தக் கை இங்கே இருக்கிறது. ஏழு. பயமாக இருக்கிறது, இல்லையென்று சொன்னால் பொய், போன பத்துப் பேரின் காலி நாற்காலிகள் நினைவுக்கு வருகின்றன, ஐம்பத்துநாலு வயதுக்காரன் எந்தக் கதவைத் தட்டுவான், மரகதம் ஏனென்று கேட்பாள், சொன்னால் புரிந்துகொள்வாள், புரிந்துகொண்ட பிறகும் ராத்திரி விளக்கணைத்துவிட்டு விழித்திருப்பாள். ஐந்து. கையை எடுத்துவிடலாம். முட்டி வலி, தடுமாறிவிட்டது என்று சொல்லலாம், நம்புவான், நம்ப ஆசைப்படுவான். நாலு. எடுக்க மாட்டேன். இவ்வளவு காலம் எல்லோருக்கும் சரி சார், ஆகட்டும் சார் என்று சொல்லித்தான் பிழைத்தேன், மில் வாசலில் காத்திருந்தேன், திட்டு வாங்கினேன், பல்லைக் காட்டினேன், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்தக் கை ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டது, எழுந்திருக்காது. இரண்டு. செலின் எழுந்து நின்று பார்க்கிறாள். பட்டை போய்விட்டது. "லோகு சார்..." என்கிறான் பிரணவ், சிவா என்று சொல்லவில்லை. "நாளைக்கு அது மறுபடியும் எழுதும் சார். நோட்ஸ் உள்ளதானே இருக்கு." தெரியும். "எம்.டி.கிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?" நீ சொல்ல வேண்டாம், நானே போகிறேன், டைரியைக் கொடுத்தவன் நான், திருப்பிக் கேட்கப்போகிறவனும் நான், நாளைக்கும் வந்து உட்காருவேன், நாளைக்கும் இதையே செய்வேன், என்னை வெளியே அனுப்புகிற வரைக்கும். "அந்த நாலு யூனிட்?" அதற்குத்தான் போன் செய்யப்போகிறேன்.

போன் செய்தால் பலகையில் ஏறாது, இங்கே எழுத்தில் வருவதுதான் கணக்கு. முதல் மணியிலேயே வேலப்பன் எடுத்துவிட்டார். "வாய்யா லோகு. லெட்டரெல்லாம் எழுத ஆரம்பிச்சுட்ட." குரலில் என்ன ஒரு லேசு, இருபத்திரண்டு வருஷத்தில் கேட்டதில்லை. இதை உடைக்கத்தான் வேண்டுமா, அவர் கையில் கிடைத்த ஆறுதலைப் பிடுங்க நான் யார், ஆர்டரும் இருக்கட்டும் அவர் நிம்மதியும் இருக்கட்டும், யாருக்கு நஷ்டம்? ஆனால் அடுத்த வாரம் நினைவூட்டல் கடிதம் ஒன்று போகும், என் பெயரில், மறுபடி இந்துமதியைக் கேட்கும், அதற்கடுத்த வாரமும் கேட்கும். "அண்ணா, அந்த லெட்டர நான் எழுதலீங்க." மறுமுனையில் மெஷின் இரைச்சல் மட்டும். "கம்ப்யூட்டர் எழுதுச்சுங்க. நீங்க அன்னிக்குக் கார்ல சொன்னத நான் டைரில எழுதி வச்சிருந்தேன். அத இவங்ககிட்டக் குடுத்தது நான்தானுங்க. இன்னிக்குக் காலைல படிக்காம அனுப்பினதும் நான்தான்." சொல்லிவிட்டேன், எதையும் ஒளிக்கவில்லை. இரைச்சல் குறைகிறது, எங்கோ நடந்து போகிறார், கதவு ஒன்று சாத்தும் சத்தம். "டைரில எழுதி வச்சியா?" ஆமாங்க. "என் மக விஷயத்த." ஆமாங்க. "என்னன்னு எழுதுன?" சொல்கிறேன், எழுதியதை எழுதியபடியே, கோடு போட்டதையும். பிரணவ் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். "கொட்டேஷன் வேண்டாம்யா" என்கிறார். சரிங்கண்ணா என்கிறேன், இதை எதிர்பார்த்துத்தான் எண்ணை அழுத்தினேன், இதையும் தாங்கிக்கொள்ளலாம், அவர் வைப்பதற்காகக் காத்திருக்கிறேன். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. "நாலு வருஷம்" என்கிறார், "எதுக்க உக்காந்து டீ குடிச்சிருக்க. கேக்கக் கூடாதுன்னு நீயா முடிவு பண்ணிக்கிட்ட." ஆமாங்க. நீளமான ஒரு மூச்சு. "சரி, இப்ப கேளு."

எழுந்து நிற்கிறேன், அவர் எதிரே நிற்பது போல. பிரணவ் இருக்கிறான், செலின் இருக்கிறாள், யார் வேண்டுமானாலும் இருந்துகொள்ளட்டும். "இந்துமதி எப்படீங்கண்ணா இருக்கு?"